காலியாகவே கிடக்கும் குடியுரிமைக் கட்டம்

நாமக்கல் மாவட்டம் பரமத்தியிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள். தமிழக அரசின் 2021 ஆகஸ்டு அறிவிப்புக்கு முன் மாதப் பணக்கொடை: குடும்பத் தலைவருக்கு 1,000, மனைவிக்கு 750, பிள்ளைகளுக்குத் தலா 400. ஆக 2,550 ரூபாய். பிறகு 1,500, 1,000, தலா 500 என்று 3,500 ஆனது. அதே அறிவிப்பில் மாநிலம் முழுக்க 7,469 வீடுகள் கட்ட 231.54 கோடி, வீட்டுக்கு 3.1 லட்சம். தகரக் கூரைக்கடியில் வெந்து கிடந்தவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் குடியுரிமைக் கணக்கு டெல்லியில் இருக்கிறது. 1955 சட்டப்படி இந்த மண்ணில் பிறந்தாலே இந்தியர். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஒரே தாய் வயிற்றில் 1986-இல் பிறந்த அக்கா இந்தியர், 1988-இல் பிறந்த தம்பி அந்நியன். அக்காவுக்கும் சும்மா கிடைக்கவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணொருவர் உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் தீர்ப்பு வாங்கி, 2024-இல்தான் முதல் ஓட்டுப் போட்டார்.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெற 12 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். 1984-இல் படகேறி வந்தவர் 40 ஆண்டைத் தாண்டிவிட்டார். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவரிடம் விசா ஏது? அதனால் சட்டவிரோதக் குடியேறி. 2003 திருத்தத்துக்குப் பின் விண்ணப்பிக்கவே வழியில்லை. நாற்பதும் பூஜ்யம். 2019 திருத்தம் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு அந்த 12 ஆண்டில் 11-ஐ 5 ஆகக் குறைத்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. சிறைப் பயம் போனது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஆறாதது இன்னொரு கணக்கு. சேலம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகளும் இந்த முகாம்களில் உண்டு. அப்படிப் போனவர்களை 1948 இலங்கைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி! அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலையை எண்ணுவது இன்னும் நிற்கவில்லை. முகாம் ஆண்களில் பலருக்குப் பெயின்ட் வேலைதான் பிழைப்பு. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) தலை எண்ண வரும் நாளில் வெளியூர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். நகக்கண்ணில் பெயின்ட் காயாமலே பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள். அன்றைய கூலி போனது போனதுதான். பஸ் காசும் கைக்காசு.