சொல்லாமல் போகும் தூது

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் தமிழ்நாட்டின் எல்லையூராக ஜுஜுவாடி நிற்கிறது. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடக ராஜ்யம். ஒரு காலத்தில் இந்த எல்லையைக் கடக்கும் லாரி ஒவ்வொன்றும் வணிகவரிச் சாவடியில் நின்று, "சரக்கு என்ன? விலை என்ன? யாருக்குப் போகிறது?" என்னும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2017-ம் வருஷம் ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தது. சாவடி போயிற்று, ஆனால் கேள்விகள் போகவில்லை. 2018 ஏப்ரல் முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ராஜ்ய எல்லையைத் தாண்டுவதற்கு 'ஈ-வே பில்' என்னும் சீட்டு அவசியமாகிவிட்டது. ஓசூர் சிப்காட் பேட்டையில் மோட்டார் உறுப்புகள் செய்யும் சிறிய பட்டறையாயினும் சரி, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிக்கும் ஆலையாயினும் சரி, அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரில் உள்ள உலாவியின் மூலமாகவே எடுக்கிறார்கள்.

பழைய சாவடியின் ஜன்னல் இப்போது உலாவிக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் இந்த ஜன்னலில் ஒரு விசித்திரம் உண்டு. பட்டறையின் குமாஸ்தா காலையில் உலாவியைத் திறக்கிறார். இன்னும் ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை. அதற்குள், வாயிலில் போவது வருவதைக் குறித்து வைக்கும் 'பயர்வால்' என்னும் காவல் கருவியைப் பார்த்தால், உலாவி பல தூர தேசத்து ஸர்வர்களுடன் பேசி முடித்திருக்கிறது! குமாஸ்தா போக விரும்பியது ஒரே ஒரு சர்க்கார் தளத்துக்கு. குறிப்பில் இருப்பதோ அவர் கேள்விப்பட்டேயிராத பத்துப் பதினைந்து பெயர்கள்.

"நம்மைக் கேளாமல் நம்முடைய யந்திரம் யாரிடம் பேசுகிறது? இது காவலா, வேவா?" என்று பட்டறை முதலாளி கேட்டால், அது நியாயமான கேள்விதான். வீட்டில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கும் தாய் தந்தையரும் கேட்க வேண்டிய கேள்வி அது. இரண்டும் உண்டு என்பதே அதற்கு உண்மையான பதில். ஆகையால் இந்தத் தூதுவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிப்பதே முறை.

காவற்காரத் தூதுவர்கள்

1990-ல் ஜினீவா நகருக்கு அருகேயுள்ள 'ஸெர்ன்' ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியைச் செய்தார். அது சொன்னதைச் செய்யும் ஊழியன். ஒரு விலாசம் கொடுத்தால், அந்த ஏட்டைக் கொண்டுவந்து வைக்கும். பிறகு வாய் திறவாது. நம் தேசத்தில் 1995 ஆகஸ்டு 15-ம் தேதி பொதுஜனங்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோதும் ஏறக்குறைய அதே நிலைமைதான். பிறகு இணையத்தில் பணம் புழங்க ஆரம்பித்தது. பணம் புழங்கும் இடத்திற்குத் திருடன் வராமலிருப்பானா? திருடனைத் தடுக்க வேண்டுமானால், அவன் இன்று எந்த வேஷத்தில் வருகிறான் என்று உலாவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

முதல் தூதுவன், "எனக்குப் புதிய பதிப்பு உண்டா?" என்று தன்னைச் செய்த கம்பெனியிடம் கேட்டு வருகிறவன். உலாவியில் ஓட்டைகள் அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகின்றன. அடைப்பும் அடிக்கடி வருகிறது. அடைப்பை வாங்காமலிருந்தால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதத்தில் உலகம் கண்டது. 'வானாக்ரை' என்ற விஷ நிரல் பரவி, பிரான்ஸில் ரெனோ கம்பெனியின் மோட்டார்த் தொழிற்சாலைகள் சிலவற்றில்கூட உற்பத்தி நின்றது. அந்த ஓட்டைக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, அடைப்பு வெளியிட்டிருந்தது. ஓட்டை இருந்தது உலாவியில் அல்ல, விண்டோஸில்; ஆனாலும் படிப்பினை ஒன்றுதான்.

இரண்டாவது தூதுவன் மோசடித் தளங்களின் ஜாபிதாவை வாங்கி வருகிறவன். கூகிளின் 'ஸேப் பிரௌஸிங்' ஏற்பாட்டை க்ரோம், பயர்பாக்ஸ், ஸபாரி ஆகிய மூன்றுமே பயன்படுத்துகின்றன. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. மோசடி விலாசங்கள் அப்படியே அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொரு விலாசத்தையும் கணித முறையில் அரைத்து 32 பைட் நீளமுள்ள முத்திரையாக்கி, அதன் முதல் 4 பைட்களை மட்டும் ஜாபிதாவில் வைக்கிறார்கள். நாம் திறக்கும் தளத்தின் முத்திரையை உலாவி நம் வீட்டுக்குள்ளேயே ஒத்துப் பார்க்கிறது. பொருந்தினால் மட்டுமே வெளியே விசாரிக்கிறது. 2024 முதல் க்ரோமில், முன்பின் தெரியாத தளங்களுக்கு உடனுக்குடன் விசாரிக்கும் முறையும் வந்திருக்கிறது. கேட்பவர் யார் என்பது கூகிளுக்குத் தெரியாதபடி, அந்தக் கேள்வி வேறொரு கம்பெனியின் ஸர்வர் வழியாகப் போகிறது.

நமது தேசத்திலேயே நடந்தது

மூன்றாவது தூதுவனின் கதை நம் தேசத்தைச் சேர்ந்தது. ஒரு தளம் உண்மையானதா, போலியா என்று உலாவி தீர்மானிப்பது அத்தளம் காட்டும் அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டு. அந்தப் பத்திரத்தை அதிகாரம் பெற்ற ஸ்தாபனங்கள் வழங்குகின்றன. 2014 ஜூலையில், கூகிளின் சில விலாசங்களுக்கு, கூகிளுக்கே தெரியாமல், அத்தாட்சிப் பத்திரங்கள் வழங்கப்பட்டிருப்பது வெளியாயிற்று. வழங்கியது தேசிய தகவல் மையம். நம் சர்க்காருக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஸ்தாபனம். ஈ-வே பில் தளத்தை அமைத்ததும் அதுவேதான். பத்திரம் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டிருந்தார்கள் என்று, அத்தாட்சி ஸ்தாபனங்களை மேற்பார்வை பார்க்கும் சர்க்கார் அதிகாரி தெரிவித்தார். சில தினங்களுக்குள் அந்த மையத்தின் அத்தாட்சி அதிகாரங்கள் ரத்தாயின.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையிலோ ஓசூரிலோ உலாவியைத் திறந்து வைத்திருந்த ஒருவருக்கு அந்த ரத்து எப்படித் தெரியும்? தபாலில் யாரும் எழுதிப் போடவில்லை. கூகிள் கம்பெனி, நம்பத் தகாத பத்திரங்களின் ஜாபிதாவை க்ரோம் உலாவிகளுக்கெல்லாம் பின்னணியில் அனுப்பிவிட்டது. போலிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் நடுவில் புகுந்து தபாலைப் படிக்கக்கூடிய அபாயம், உபயோகிப்பவர் அறியாமலே நீங்கிற்று. கேளாமல் போன தூது அன்று கேளாமலே காப்பாற்றியது.

ஏவலாள்களின் அதிகப் பிரசங்கம்

காவற்காரர்கள் போக, சௌகரியத்துக்காக ஓடுகிற ஏவலாள்கள் சிலர் உண்டு. ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ இணையத்தில் சேரும்போது, முதலில் கையெழுத்துப் போடச் சொல்லும் பக்கம் ஒன்று குறுக்கிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஏதேனும் குறுக்கே நிற்கிறதா என்று அறிய, பயர்பாக்ஸ் தனது ஸர்வரிலுள்ள சின்னஞ்சிறு பக்கம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கும். அறிவிப்புகளைக் கொண்டுவர ஓர் இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கும். நீங்கள் அடுத்து எந்தத் தளத்துக்குப் போவீர்கள் என்று ஊகித்து, முன்கூட்டியே கதவைத் தட்டி வைக்கும் வழக்கமும் உண்டு.

இத்தகைய ஏவலாள் ஒருவன் உலகத்தையே திணற அடித்த கதை வேடிக்கையானது. தொழிற்சாலைகளில் உள்ளூர்க் கம்ப்யூட்டர்களுக்குக் 'கிடங்கு', 'கணக்கு' என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைப்பதுண்டு. உலாவியின் விலாசப் பட்டையில் 'கிடங்கு' என்று அடித்தால், அது தேடவேண்டிய சொல்லா, உள்ளூர் யந்திரத்தின் பெயரா? இதை அறிய க்ரோம் அப்படியொரு பெயர் உண்டா என்று விசாரிக்கும். ஆனால் சில இணையக் கம்பெனிகள், இல்லாத பெயரைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று பொய் சொல்லித் தங்கள் விளம்பரப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும். அந்தப் பொய்யைப் பிடிக்க க்ரோம் ஒரு தந்திரம் செய்தது. திறக்கப்படும்போதெல்லாம், ஏழு முதல் பதினைந்து எழுத்துக்கள் கொண்ட அர்த்தமற்ற பெயர்கள் மூன்றைத் தானே புனைந்து, "இவை உண்டா?" என்று கேட்டது. "உண்டு" என்று பதில் வந்தால், பதில் சொல்பவன் பொய்யன்!

தந்திரம் நல்லதுதான். ஆனால் உலகத்தில் இல்லாத பெயருக்கு யார் பதில் சொல்வது? கேள்வி படிப்படியாக ஏறி, இணையத்தின் பெயரேட்டுக்கு வேராக உள்ள மூல ஸர்வர்கள் வரையில் போயிற்று. கோடிக்கணக்கான உலாவிகள் தினந்தோறும் இப்படிக் கேட்டதனால், அந்த ஸர்வர்களுக்கு வந்த கேள்விகளில் ஏறக்குறையப் பாதி இத்தகைய வெற்றுக் கேள்விகளே என்று, மூல ஸர்வர்களில் இரண்டை நடத்தும் வெரிஸைன் கம்பெனி 2020 ஆகஸ்டில் எடுத்துக் காட்டியது. அவ்வருஷக் கடைசியில் வந்த பதிப்பிலிருந்து இவ்வழக்கம் மாற்றப்பட்டது. கேள்வி வெள்ளமும் வடிந்தது. பயர்வால் குறிப்பில் பொருளற்ற பெயர்களைக் கண்டு, "நம் கம்ப்யூட்டரில் பேய் புகுந்துவிட்டது" என்று அஞ்சியவர்கள் எத்தனை பேரோ!

கணக்கெடுக்கும் தூதுவர்கள்

இனி மூன்றாம் வகை. இவர்களிடந்தான் ஜாக்கிரதை வேண்டும். விலாசப் பட்டையில் நாம் அடிக்கும் எழுத்துக்கள், அடித்து முடிப்பதற்கு முன்னமேயே, தேடும் கம்பெனிக்குப் போகின்றன. நமக்கு யோசனை சொல்வதற்காக என்கிறார்கள். வியாதியின் பெயரை அடிக்கத் தொடங்கி, வெட்கப்பட்டு அழித்துவிட்டாலும், அடித்தவரை போனது போனதுதான். இது தவிர, எந்த வசதியை எத்தனை தடவை உபயோகித்தோம் என்ற புள்ளி விவரமும் போகக்கூடும். நாமே சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்கள் சிலவும் தங்கள் எஜமானர்களுக்குத் தனித்தூது அனுப்புகின்றன.

2020-ல் அயர்லாந்து தேசத்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத், ஆறு உலாவிகள் தங்கள் தாய்வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்புகின்றன என்று சோதித்தார். அன்றைய நிலைமையில், பிரேவ் உலாவி மிகக் குறைவாகப் பேசியது. க்ரோம், பயர்பாக்ஸ், ஸபாரி நடுத்தரம். எட்ஜ், யாண்டெக்ஸ் என்ற இரண்டும், கம்ப்யூட்டரின் உறுப்புகளையே அடையாளமாகக் கொண்ட எண்ணை அனுப்பின. உலாவியை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அந்த அடையாளம் மாறாது. எல்லா உலாவிகளும் பேசுகின்றன. வித்தியாசம் பேச்சின் பொருளில் இருக்கிறது.

சுதேசி உலாவி

க்ரோம் உலாவி 2008 செப்டம்பரில் வெளிவந்தபோது, அவ்வேலையை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. ஆனாலும் உலாவி கூகிளுடையது. அதன் தூதுவர்கள் போய்ச் சேருமிடமும் கூகிளே. இப்போது தமிழ்நாட்டு ஸ்தாபனமாகிய ஸோஹோ, 2023-ல் 'உலா' என்று தமிழ்ப் பெயரிட்டு ஓர் உலாவியை வெளியிட்டது. இந்திய சர்க்கார் நடத்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அது முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. இது நாம் மகிழ வேண்டிய விஷயமே. ஆயினும் 'உலா'வும் க்ரோமுக்கு அடிப்படையான 'க்ரோமியம்' நிரலின் மீதே கட்டப்பட்டது. புதிய பதிப்பை விசாரிக்க அதுவும் தூது அனுப்பியே ஆக வேண்டும். சுதேசி உலாவி என்பதால் தூது நின்றுவிடாது. தூது எங்கே போகிறது, என்ன சொல்கிறது என்று கேட்கும் உரிமையும் நின்றுவிடக் கூடாது.

அந்த உரிமைக்குச் சட்டத்தின் ஆதாரமும் இருக்கிறது. கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ம் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. ஆனால் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. உபயோகிக்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும்.

வீட்டிலும் பட்டறையிலும் செய்யத்தக்கது சுலபமே. தூதுகளையெல்லாம் ஒரேயடியாக அடைத்துவிட எண்ண வேண்டாம். தரவுச் செலவு மிச்சம் என்று புதிய பதிப்பை நிறுத்துவது, எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சி வாசல் விளக்கை அணைப்பதைப் போன்றது. மோசடித் தளக் காவலும் இருக்கட்டும். உலாவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கு எழுத்து யோசனை கேட்பதையும், பக்கங்களை முன்கூட்டி இழுத்து வைப்பதையும், உபயோகப் புள்ளி விவரம் அனுப்புவதையும் நிறுத்திவிடலாம். தேவையற்ற குட்டி நிரல்களை எடுத்துவிடலாம். கண்ட தளங்களுக்கெல்லாம் கொடுத்த அறிவிப்பு அனுமதியை ரத்துச் செய்யலாம். பட்டறைக்காரர்கள் மாதம் ஒரு முறை பயர்வால் குறிப்பைப் படித்து, தெரியாத பெயர் யாருடையது என்று விசாரிப்பது நல்லது. பயர்பாக்ஸை வெளியிடும் மொஸில்லா, தனது உலாவி தானாகச் செய்யும் இணைப்புகளையும், அவற்றை நிறுத்தும் வழியையும் பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்களும் இப்படியே சொல்ல வேண்டுமென்று நாம் வற்புறுத்தலாம்.

எல்லையில் சரக்கு லாரியை நிறுத்திச் சீட்டைக் கேட்பதை நாம் தவறென்று சொல்வதில்லை. நம் வீட்டிலிருந்து புறப்படும் செய்திக்கும் அதே கேள்விகள் பொருந்தும்: சரக்கு என்ன? யாருக்குப் போகிறது? எதற்காக? பதில் சொல்லக் கூடிய தூதுவன் தாராளமாகப் போய் வரட்டும். பதில் சொல்லாதவனைத் தடுத்து நிறுத்தும் தாழ்ப்பாள் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.