வெளிநாட்டுப் பயணமா? முதலில் கொப்பியை எடுங்கள்!

விடுமுறை நெருங்கினால் போதும். "வாப்பா, இந்த முறையாவது மலேசியாவுக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டார் போய்வந்த படங்களைப் பார்த்த பின் நமக்கும் ஆசை எட்டிப் பார்க்கும். ஆசைப்படுவதில் தவறில்லை, சகோதரிகளே. குடும்பமாகச் சேர்ந்து பயணம் போவதும் ஊர் உலகத்தைப் பார்ப்பதும் நல்லதே.

ஆனால், ஏழு நாள் சுற்றிவிட்டு ஏழு மாதம் கடன் கட்டும் குடும்பங்கள் நம் மத்தியில் இல்லாமலில்லை. சீட்டுக் காசு கரைந்து, உம்மா போட்டனுப்பிய வளையல் அடகுக்குப் போய், பிள்ளையின் வகுப்புக் கட்டணம் தவணைக்கு நிற்கும். அந்தச் சுமையை மாதாமாதம் சுமப்பவர் யார்? அடுப்படியில் நின்று வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்கும் நீங்கள்தான். எனவே பயணக் கணக்கைக் கணவரிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் கூட உட்காருங்கள். எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும்.

நம்மவர்கள் அதிகம் விரும்பிப் போகும் மலேசியாவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஹலால் உணவுக்குத் தட்டுப்பாடில்லை, பள்ளிவாசல்கள் எங்கும் உண்டு, பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். வேறு நாட்டுக்குப் போவதானாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

வாங்கும் விலையும் விற்கும் விலையும்

மலேசியாவின் நாணயம் ரிங்கிட். அங்குள்ள தமிழர்கள் அதை "வெள்ளி" என்பார்கள். "பத்து வெள்ளி" என்று கடைக்காரர் சொன்னால் வெள்ளி நகையை நினைத்துத் திகைக்க வேண்டாம்! ஒரு ரிங்கிட்டுக்கு நூறு சென்.

வங்கியின் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று வங்கி நம்மிடம் வாங்கும் விலை. மற்றது நமக்கு விற்கும் விலை. போகும்போது நாம் கொடுப்பது கூடிய விலையை. மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து மாற்றும்போது கிடைப்பது குறைந்த விலை. உதாரணத்துக்கு, ஒரு ரிங்கிட்டை 75 ரூபாவுக்கு வாங்கி, மிஞ்சிய 500 ரிங்கிட்டை 71 ரூபாப்படி திருப்பிக் கொடுத்தால் 2,000 ரூபா நட்டம். "கூடுதலாகவே மாற்றிக்கொள்வோம், மிஞ்சினால் கொண்டுவரலாம்" என்பது இலவசமான காரியமல்ல.

கொழும்பிலேயே ரிங்கிட் வாங்குவதா, டொலர் வாங்கிப் போய் அங்கே மாற்றுவதா என்று பலர் கேட்பார்கள். இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டொலர் 310 ரூபாவுக்குக் கிடைத்து, அங்கே ஒரு டொலருக்கு 4.20 ரிங்கிட் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 310ஐ 4.20ஆல் பிரித்தால் ஒரு ரிங்கிட் 73 ரூபா 80 சதம் விழுகிறது. நேரடியாக வாங்கும் 75 ரூபாவை விட இது இலாபம். 4,000 ரிங்கிட்டுக்குச் சுமார் 4,750 ரூபா மிச்சம். சில நாட்களில் கணக்கு மறுபக்கமும் சாயும். எனவே மாற்றப் போகும் அன்றைய விலையைக் கேட்டே முடிவெடுங்கள். டொலர் தாள்கள் கிழியாமல், எழுத்துக் கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும். பழைய தாளென்றால் நாணயமாற்றுக் கடைகள் குறைத்துத் தரும் அல்லது வாங்க மறுக்கும்.

எங்கு மாற்றினாலும் வங்கியிலோ, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ மாற்றிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ரூபா கூடத் தருவதாகச் சொல்லும் தெரியாத ஆளிடம் போய்க் கள்ளத் தாளுடன் திரும்ப வேண்டாம்.

விலை நின்ற இடத்தில் நிற்காது

1995 அளவில் ஒரு ரிங்கிட் நமது 20 ரூபா அளவில் இருந்தது. 1997இல் ஆசிய நாடுகளைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தது. 1998 செப்டெம்பரில் மலேசிய அரசு ஒரு டொலருக்கு 3.80 ரிங்கிட் என்று விலையைக் கட்டிப்போட்டது. 2005 ஜூலையில்தான் அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது.

2022இல் அடி நம் பக்கம் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரிங்கிட்டும் சுமார் 48 ரூபாவிலிருந்து 82 ரூபா வரை ஏறியது. பெப்ரவரியில் பயணத்துக்கென 2 இலட்சம் ரூபாவை ஒதுக்கி வைத்த குடும்பத்தின் கையில் 4,166 ரிங்கிட் இருந்தது போல. அதே காசு மே மாதத்தில் 2,439 ரிங்கிட்டுக்குத்தான் போதுமாக இருந்தது. உண்டியலில் இருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனாலும் பயணத்தில் பாதிக்குக் கிட்டக் காணாமற் போய்விட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, டிக்கட் உறுதியானதும் தேவையான காசை ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு மூன்று தடவையாக மாற்றுங்கள். மிக நல்ல விலை கிடைக்காவிட்டாலும் மிக மோசமான விலையில் முழுவதும் மாட்டாது. மற்றது, கணக்குப் போடும்போது அன்றைய விலையை விட ஐந்து ரூபா கூட வைத்தே போடுங்கள். 4,000 ரிங்கிட் செலவென்றால் ஐந்து ரூபா ஏற்றம் 20,000 ரூபாவை விழுங்கிவிடும்.

அந்த ஊர் விலை தெரிய வேண்டும்

நாணய விலை தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ரிங்கிட்டுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தெருவுக்குத் தெரு "மாமாக் கடைகள்" இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம்களின் வழிவந்த உணவுக் கடைகள் அவை. அங்கே ஒரு ரொட்டி சானாய் சுமார் 2 ரிங்கிட். நம் பராட்டாவின் உறவுக்காரன். பருப்புக் குழம்புடன் தருவார்கள். நுரை பொங்க இழுத்து ஆற்றும் தே தாரிக் எனும் பால் தேநீர் 2 முதல் 3 ரிங்கிட். கோழிக்கறியுடன் ஒரு தட்டு நாசி கண்டார் 10 முதல் 15 ரிங்கிட். முற்காலத்தில் பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் கறியையும் தோளில் காவடி போலத் தொங்கவிட்டு விற்றதால் வந்த பெயர் இது. இதில் ஒரு கவனம்: தட்டில் வைக்கும் ஒவ்வொரு கறிக்கும் தனி விலை. பெரிய இறாலையும் மீன் தலையையும் கைகாட்டிவிட்டுப் பட்டியலைப் பார்த்து விழிக்காமல், "இது எவ்வளவு?" என்று தமிழிலேயே முதலில் கேளுங்கள்.

குளிரூட்டிய பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலின் பக்கத்தில் இரண்டு கூட்டற்குறிகள் இருந்தால், 10 வீத சேவைக் கட்டணமும் அரசாங்க வரியும் மேலதிகமாக வரும். 100 என்று நினைத்தது 116 ஆகும். ஹலால் சான்று மலேசிய அரசின் ஜாக்கிம் நிறுவனம் தருவது. அந்த முத்திரையைப் பார்த்து உள்ளே போங்கள்.

கொப்பியில் எழுதும் முறை

கொப்பியை இரண்டு பாகமாக்குங்கள். முதல் பாகம், இங்கேயே ரூபாவில் கட்டும் செலவுகள்: விமான டிக்கட், வீஸா, பயணக் காப்புறுதி, கட்டுநாயக்கவுக்குப் போய்வரும் வேன் கூலி. மலேசியாவுக்குள் நுழைய, போய்ச் சேரும் மூன்று நாளுக்குள் கணினி வழியாக நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் ஒன்று 2024 முதல் உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

இரண்டாம் பாகம், அங்கே ரிங்கிட்டில் போகும் செலவுகள். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். ஆறு இரவு, ஏழு நாள். கோலாலம்பூரும் பினாங்கும் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு:

தங்கும் அறை, இரவுக்கு 160. வெளிநாட்டவருக்கான உல்லாசப் பயண வரி, அறைக்கு இரவொன்றுக்கு 10. ஆறு இரவுக்கு – 1,020
சாப்பாடு, நாளுக்கு 120 வீதம் ஏழு நாள் – 840
நகருக்குள் போக்குவரத்து, நாளுக்கு 40 – 280
விமான நிலையம் போகவர – 180
பினாங்கு போகவர பஸ் அல்லது ரயில் – 400
நுழைவுச் சீட்டுகள் – 300
பரிசுப் பொருட்கள் – 600
அவசரத்துக்கு – 380
மொத்தம் – 4,000 ரிங்கிட்

ஒரு ரிங்கிட் 75 ரூபாவென்றால் 3 இலட்சம் ரூபா. உங்கள் குடும்பத்துக்கு எண்கள் மாறலாம். நீங்கள் போகும் அன்றைய விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள்.

குறைக்கக்கூடிய இடங்களும் இதிலேயே தெரியும். விமான நிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் விரைவு ரயிலில் பெரியவருக்கு 55 ரிங்கிட். தனியாகப் போகிறவருக்கு வசதி. நான்கு பேர் போகும்போது ஒரு வாடகைக் கார் அதைவிட மலிவாக வரலாம். பஸ் அதைவிடவும் மலிவு. இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறச் சீட்டு வேண்டும். கீழேயுள்ள பூங்காவில் நின்று நீரூற்றைப் பார்க்கக் காசில்லை. 1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசலையும், 1909இல் எழுந்த ஜாமிஉப் பள்ளிவாசலையும் தொழுது பார்த்து வரவும் கட்டணமில்லை. பல இடங்களில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. உள்ளூர் விலையைப் பார்த்துக் கணக்கெழுதிவிட வேண்டாம்.

நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். நம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை முடிவில், பெருநாளோடு புறப்படலாம் என்று தோன்றும். ஆனால் மலேசியாவிலும் அது பெருநாள்தானே! நகரத்தார் ஊருக்குப் போவதால் பஸ், ரயில் சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். பல கடைகள் பூட்டியிருக்கும். ஒரு கிழமை தள்ளிப் போனால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

"நாற்பதுதானே!" என்ற பொறி

சகோதரிகளே, நாம் அதிகம் வழுக்கி விழும் இடம் கடைத்தெரு. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் வரிசை வரிசையாகத் துணிக்கடைகள், தலைத்துணிகள், பிள்ளைகளுக்கான உடைகள். ஒரு தலைத்துணி 39 ரிங்கிட் 90 சென் என்று எழுதியிருக்கும். "நாற்பதுதானே!" என்று மனம் சொல்லும். அது 3,000 ரூபா என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும்.

இதற்கு ஒரு சிறிய மருந்து உண்டு. ஓர் அட்டைத் துண்டில் 1 – 75, 5 – 375, 10 – 750, 20 – 1,500, 50 – 3,750, 100 – 7,500 என்று எழுதிக் கைப்பையில் வையுங்கள். எதை வாங்குமுன்னும் அதை ஒரு தடவை பாருங்கள். "இதே சாமான் புறக்கோட்டையில் என்ன விலை?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தொங்கும் பல துணிகள் நம் கடைகளுக்கும் வருபவைதான். விமானத்தில் நிறை கூடினால் கட்டும் காசில் இங்கேயே இன்னும் இரண்டு வாங்கலாம்.

பரிசுப் பட்டியலையும் புறப்படுமுன்பே எழுதிவிடுங்கள். மாமிக்கு, ராத்தாவுக்கு, சாச்சிக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று பெயரும் அதற்கு நேரே தொகையும் இருக்கட்டும். அங்கே போய் நினைவு வரும் பெயர்களுக்குச் சொக்லட் பொதி ஒன்று போதும். அன்பைப் பொருளின் விலையால் யாரும் நிறுப்பதில்லை. நிறுப்பவர் இருந்தால், அவருக்காகக் கடன்படுவது நமக்கு வாஜிபுமில்லை.

காசைக் காக்கும் வழி

ஏழு நாள் காசையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஏழு கடித உறைகளில் நாள் வாரியாகப் பிரித்து, அன்றைய உறையை மட்டும் வெளியே எடுத்துச் செல்லுங்கள். ஒருநாள் மிஞ்சினால் மறுநாள் உறையில் சேருங்கள். மீதிக் காசைக் கணவரும் நீங்களும் பாதி பாதியாக வைத்திருங்கள். விமான நிலையத்தில் முதல் நாளுக்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். நகரத்துக் கடைகளில் பெரும்பாலும் விலை கூடக் கிடைக்கும்.

கடனட்டை அவசரத்துக்கு மட்டும். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி எவ்வளவு கட்டணம் சேர்க்கும் என்று புறப்படுமுன் கேட்டறியுங்கள். கடையிலுள்ள இயந்திரம் "ரூபாவிலா, ரிங்கிட்டிலா?" என்று கேட்டால் ரிங்கிட் என்றே சொல்லுங்கள். ரூபா என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலையை ஏற்க வேண்டியதாகும். அது பெரும்பாலும் நமக்கு நட்டம். அட்டைக் கடன் மாதக் கடைசியில் தீராவிட்டால் வட்டி தொடங்கும். வட்டியில் போய் மகிழ்ந்து வருவதில் என்ன பறக்கத் இருக்கப் போகிறது?

கொப்பிக் கணக்கு முடிந்து, கையிலுள்ள காசு காணாது என்று தெரிந்தால் மனம் சோர வேண்டாம். ஆறு இரவை நான்காக்குங்கள். பினாங்கை அடுத்த முறைக்கு விடுங்கள். அதுவும் முடியாவிட்டால், பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தக் கொப்பியையே காட்டுங்கள். "இன்னும் இவ்வளவு சேர வேண்டும்; இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம் போவோம்" என்று சொல்லுங்கள். ஒரு உண்டியலையும் அவர்கள் கையில் கொடுங்கள். காசின் அருமை தெரிந்த பிள்ளை, போன இடத்திலும் "அதை வாங்கித் தா" என்று அழாது.

பயணம் முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது வளையல் கையில் இருக்க வேண்டும். அடுத்த மாதத்து அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் காசு அலுமாரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் படங்களைப் பார்க்கும் போதெல்லாம் மனம் குளிரும்.