ரோமானியர் கால வெந்நீரில் சூடாகும் 500 ஆண்டு தேவாலயம்... எப்படி?

குளிர் நாடுகளில் பழைய தேவாலயங்களுக்குப் பெரிய தலைவலியே ஹீட்டர் செலவுதான். உயரமான கூரை, கல் சுவர். எவ்வளவு எரிவாயுவை எரித்தாலும் சூடு மேலே போய்விடும். கீழே உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களுக்குக் குளிர் விடாது. இங்கிலாந்து திருச்சபையோ, 2030-க்குள் கார்பன் உமிழ்வை நிகர பூஜ்ஜியமாக்க 2020-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. அப்போ என்ன வழி?

பாத் நகர மக்கள் பக்கத்திலேயே வழி கண்டுபிடித்தார்கள்

1499-ல் கட்டத் தொடங்கிய பாத் அபே தேவாலயத்துக்கு அருகில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. தினமும் 10 லட்சம் லிட்டருக்கு மேல், சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர் பொங்குகிறது. ரோமானியர்கள் கட்டிய கால்வாய் வழியாக அது ஏவன் ஆற்றில் போய்ச் சேரும். அந்தச் சூடு இத்தனை காலமும் வீணாகத்தான் போனது.

எப்படி வேலை செய்கிறது?

• கால்வாய்க்குள் வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகடுகள் இருக்கின்றன. ஊற்று நீர் தேவாலயத்துக்குள் வராது. சூடு மட்டும் வேறு குழாய்த் தண்ணீருக்கு மாறும்.

• ஹீட் பம்ப் அந்தச் சூட்டைக் கூட்டிக் கொடுக்கும். இதற்கு மின்சாரம் தேவைதான்.

• தரைக்கு அடியில் பதித்த குழாய்களில் அந்த நீர் ஓடும். சூடு காலடியிலிருந்தே கிடைக்கும்.

தரையைத் தோண்ட விட்டார்களா?

தோண்டியே ஆக வேண்டிய நிலை. தரைக்கு அடியில் பல நூற்றாண்டுக் கல்லறைகள். மண் இறங்கியதால் தரையே சரியத் தொடங்கியது. அதைச் சரிசெய்தபோதே குழாய்களையும் பதித்துவிட்டார்கள்.

எல்லா ஊரிலும் வெந்நீர் ஊற்று இருக்காது. ஆனால் பழுதுபார்க்கும் நேரத்திலேயே எரிசக்தி வேலையையும் முடிப்பது எந்தப் பழைய கட்டடத்துக்கும் பொருந்தும்.