உலாவியில் ஒளிப்பதிவு செய்து அனுப்புதல்: உங்கள் அனுமதியும் பிறர் அனுமதியும்

வேலைக்கு விண்ணப்பிப்போரிடம், தம்மை அறிமுகப்படுத்தும் சிறிய ஒளிப்பதிவொன்றைச் சில வேலைவழங்குநர்கள் கேட்கின்றனர். நொர்வேஜிய மொழி வகுப்புகளில் வாய்மொழிப் பயிற்சியைப் பதிவுசெய்து அனுப்புமாறு ஆசிரியர் பணிக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இத்தகைய வீட்டுவேலை கொடுக்கப்படுவதுண்டு. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள இணைய உலாவியே இவற்றுக்குப் பெரும்பாலும் போதுமானது. பதிவு எவ்வாறு நடைபெறுகிறது, அனுப்புமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும், சட்டம் என்ன கூறுகிறது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உலாவி என்ன செய்கிறது?

முன்னர் உலாவியின்வழி கமராவைப் பயன்படுத்துவதற்கு ஃபிளாஷ் என்ற துணை மென்பொருள் தேவைப்பட்டது. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் இறுதியில் நிறுத்திவிட்டது. இன்று குரோம், எட்ஜ், ஃபயர்ஃபொக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளிலேயே பதிவு வசதி அமைந்துள்ளது. ஆகவே, ஃபிளாஷை நிறுவுமாறு இன்று எந்தப் பக்கமாவது கேட்டால் அதனை நம்பலாகாது.

மறையாக்கம் செய்யப்பட்ட பாதுகாப்பான இணைப்புள்ள பக்கங்களுக்கு மட்டுமே உலாவி கமராவைத் திறந்துவிடும். அதற்கு முன்னரும் உங்கள் அனுமதியைக் கேட்கும். நீங்கள் இசைந்ததும் படமும் ஒலியும் பதிவாகத் தொடங்கும். பொதுவாக, “அனுப்பு” என்ற பொத்தானை அழுத்தும்வரை பதிவு உங்கள் கருவியின் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். அதற்குள் பக்கத்தை மூடினால் பதிவு அழிந்துவிடும். சில தளங்களோ பதிவு நடைபெறும்போதே அதனைத் துண்டு துண்டாகத் தமது வழங்கிக்கு அனுப்பிவிடும். ஆதலால், பதிவுப் பொத்தானை அழுத்துமுன் பக்கத்திலுள்ள விளக்கத்தை வாசித்தல் நன்று.

பதிவுசெய்யும் முறை

1. கமராவைப் பயன்படுத்தும் வேறு செயலிகள் திறந்திருந்தால் முதலில் அவற்றை மூடுங்கள். படம் தோன்றாமைக்கு இதுவே பல வேளைகளில் காரணமாகும்.

2. உலாவி அனுமதி கேட்கும்போது, முகவரிப் பட்டையில் உள்ள தளத்தின் பெயரைச் சரிபார்த்த பின்னரே இசைவு கொடுங்கள். தவறுதலாக மறுத்திருந்தால், அப்பெயரின் அருகிலுள்ள குறியை அழுத்தி அனுமதியை மாற்றலாம்.

3. சாளரத்தை நோக்கி அமருங்கள். வெளிச்சம் முதுகுப்புறமிருந்து வந்தால் முகம் இருண்டு தெரியும்.

4. பத்துச் செக்கன் பதிவொன்றை எடுத்து, ஒலி தெளிவாக உள்ளதா என்று பாருங்கள். அதன் பின்னரே முழுப் பதிவைத் தொடங்குங்கள்.

5. கோப்பின் அளவைக் கவனியுங்கள். செக்கனுக்கு 2.5 மெகாபிற் என்ற அளவில் பதிவானால், ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 19 மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். 10 நிமிடப் பதிவு 190 மெகாபைற்றை எட்டும். தரவேற்றம் முடிந்தது என்ற செய்தி தோன்றும்வரை பக்கத்தை மூடாதீர்கள்.

6. வேலை முடிந்ததும் அத்தளத்துக்கு அளித்த கமரா அனுமதியை மீளப் பெறுங்கள். நூலகம் போன்ற பொது இடக் கணினியாயின், தரவிறக்கிய கோப்பை அழித்து, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

உலாவி கேட்காத அனுமதி

உலாவி உங்களிடம் மட்டுமே அனுமதி கேட்கிறது. உங்கள் பின்னால் நடந்துசெல்லும் பிள்ளையிடமோ, அடுத்த அறையில் தொலைபேசியில் பேசும் தாயாரிடமோ அது கேட்பதில்லை. அவர்களது அனுமதியைப் பெறும் பொறுப்பு உங்களுடையது.

2018 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பதிப்புரிமைச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி, ஒருவரைக் காட்டும் படத்தை அவரது இசைவின்றி வெளியிடலாகாது. செய்தி முக்கியத்துவம் உடையவை, பொது ஊர்வலங்கள் முதலியவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு. இப்பாதுகாப்பு அவரது வாழ்நாள் முழுவதும், இறந்த ஆண்டு முடிந்து 15 ஆண்டுகள் வரையும் நீடிக்கும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் படத்தை வெளியிடுவதற்குப் பெற்றோரின் இசைவு தேவை என்பது தரவுப் பாதுகாப்பு மேற்பார்வை நிறுவனமான டாட்டாதில்சீனெயின் வழிகாட்டல். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும். பிள்ளை வளர்ந்தபின் எவற்றைக் காண விரும்பமாட்டார் என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

தாம் பங்குகொள்ளாத பிறரது உரையாடலை மறைவாகப் பதிவுசெய்தல் தண்டனைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். அதற்குத் தண்டப்பணமோ இரண்டு ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையோ விதிக்கப்படலாம்.

பதிவில் முகங்கள் மட்டும் தெரிவதில்லை. மேசைமேல் கிடக்கும் கடவுச்சீட்டு, சுவரில் ஒட்டிய மருத்துவமனைக் கடிதம், பிள்ளையின் பாடசாலைப் பெயர் ஆகியவையும் அதில் விழக்கூடும். வெறுஞ்சுவரின் முன் அமர்வதே எளிய பாதுகாப்பு.

கேட்பவர் யார்?

குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் திறந்து முகத்தையும் அடையாள அட்டையையும் பதிவுசெய்து அனுப்புமாறு கேட்டால், அவ்விணைப்பைப் பயன்படுத்தாதீர்கள். கேட்டதாகக் கூறப்படும் அலுவலகத்தின் இணையத்தளத்துக்கு நீங்களாகச் சென்றோ, அங்கே தரப்பட்டுள்ள எண்ணில் அழைத்தோ உறுதிசெய்யுங்கள். பாங்க் ஐடி கடவுச்சொல்லையும் குறியீட்டையும் எந்தப் பதிவிலும் காட்டவோ சொல்லவோ கூடாது.

அனுப்பிய பின் மனம் மாறினால்

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, 2018 யூலை 20 முதல் தனிநபர் தரவுச் சட்டத்தின் ஊடாக நொர்வேயிலும் செல்லுபடியாகிறது. உங்கள் பதிவை எவர் வைத்திருக்கிறார், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பல சந்தர்ப்பங்களில் அதனை அழிக்குமாறும் கோரலாம். கோரிக்கையை எழுத்தில், திகதியிட்டு அனுப்பி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரப்பட வேண்டும். பதில் வராவிடின், அல்லது பதில் திருப்தியளிக்காவிடின், டாட்டாதில்சீனெயிடம் முறையிடலாம். எனினும், வேறொருவர் ஏற்கனவே பிரதியெடுத்துப் பரப்பிய பதிவை முற்றாக மீட்பது கடினம். அனுப்புமுன் ஒருமுறை முழுவதும் பார்த்துவிடுவதன் பயன் இங்கேதான் விளங்கும்.

உதவி தேவைப்பட்டால்

பதிவுசெய்ய இயலாதோர் அதற்காகத் தமது விண்ணப்பத்தையோ உரிமையையோ கைவிட வேண்டியதில்லை. அரச அலுவலகங்களுக்கும் நகரசபைகளுக்கும் வழிகாட்டும் கடமையை நிர்வாகச் சட்டம் விதித்துள்ளது. வேறு வழியில் விண்ணப்பிக்க முடியுமா என்று அந்த அலுவலகத்திடமே கேளுங்கள். சட்டப் பாதுகாப்புக்கோ முறையான சேவைக்கோ தேவைப்படும்போது மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பொது நிறுவனத்தின் கடமை என்று 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம் கூறுகிறது. உங்கள் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதையும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அச்சட்டம் தடைசெய்கிறது. ஆகவே, புரியாத படிவமொன்றின் முன் பிள்ளையை அமர்த்தாமல், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள்.