வழங்கி மாற்றமும் வட்டார அமைவும்: தமிழ்த் தரவுத்தளங்கள் எதிர்கொள்ளும் சிக்கல்

நூற்பட்டியல், அகராதி, ஆவணக்காப்பகம் ஆகியவற்றைத் தாங்கும் தமிழ் இணையச் செயலிகள் ஒரே வழங்கியில் நெடுங்காலம் நிலைத்திருப்பதில்லை. வாடகை உயர்ந்தாலோ இயங்குதளம் பழையதானாலோ அவை இடம்பெயர்கின்றன. நிரலும் தரவும் முழுமையாகப் படியெடுக்கப்பட்ட பின்னரும் செயலி தடுமாறுமாயின், முதலில் ஐயுறத்தக்கது 'லொக்கேல்' எனப்படும் வட்டார அமைவு. எழுத்துகளை எந்தக் குறியேற்றத்தில் படிப்பது, சொற்களை எவ்வரிசையில் அடுக்குவது என்பனவற்றை லினக்ஸில் முடிவுசெய்வது அதுவே. அது செயலியின் கோப்புறைக்குள் இல்லை, இயங்குதளத்தில் இருக்கிறது. ஆகவே செயலியுடன் அது பெயர்வதில்லை.

புதிய வழங்கிகள் பலவும் 'சி' என்னும் அடிப்படை அமைவுடனேயே வருகின்றன. பைத்தான் 3.7-க்கு முந்திய பதிப்புகள் இந்நிலையில் தமிழ்க் கோப்பைப் படிக்கத் தொடங்கியதும் பிழை காட்டி நின்றுவிடும். பி.எச்.பி. மொழியின் பழைய பதிப்புகளிலோ, எஸ்கேப்-ஷெல்-ஆர்க் என்னும் சார்பு கோப்புப் பெயரிலுள்ள தமிழ் எழுத்துகளை ஓசையின்றி நீக்கிவிடும். நின்றுவிடும் செயலியே மேல். அதன் பழுதை அன்றே யாரேனும் கவனிப்பர்.

பழுது தேடுவோரை அடிக்கடி ஏமாற்றுவது அவர்களது சொந்த முனையம். எஸ்.எஸ்.எச். வழியாக நுழையும்போது, நுழைபவரின் கணினியிலுள்ள மொழி அமைவும் பெரும்பாலும் உடன் செல்கிறது. அங்கு 'லொக்கேல்' கட்டளை யூ.டி.எஃப்-8 என்று காட்டினால், அது வழங்கியின் அமைவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. டெபியனில் அப்பாச்சியின் சூழல் கோப்பு, மாற்றப்படாத வரையில், 'லாங்' என்னும் மாறியைச் 'சி' என்றே வைக்கிறது. கிரான் பணிகளின் சூழல் வேறு. எனவே ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் சூழல் மாறிகளையே, புரோக் கோப்புறையிலோ செயலிக்குள்ளிருந்தோ, பார்த்தறிதல் வேண்டும்.

வரிசைப்படுத்தலில் நேரும் குறை இதனினும் நுட்பமானது. 'சி' அமைவு ஒருங்குறியின் குறியெண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. அதன்படி ளகரம் ழகரத்துக்கு முற்பட்டது. புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டது. ஆகவே 'பள்ளம்' 'பழம்' என்பதற்கு முன்னும், 'அகம்' 'அக்கா' என்பதற்கு முன்னும் வந்துவிடும். மரபுவரிசையோ இவ்விரண்டுக்கும் மாறானது. அகராதிப் பக்கத்தைப் புரட்டுபவர் உரிய இடத்தில் காணாத சொல்லை, இல்லாத சொல் என்றே கொள்வார்.

பெருங்கேடு விளைவிப்பது பிறிதொன்று. 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28, வரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றியது. டெபியன் 9-இல் இருந்தது 2.24, டெபியன் 10-இல் இருப்பது 2.28. அமெரிக்க ஆங்கில அமைவில் '1-1', '11' ஆகிய இரண்டையும் வரிசைப்படுத்தினால், பழையதில் '11' முதலில் வரும். புதியதில் '1-1' முதலில் வரும். அயல்நாட்டு வழங்கிகளிலுள்ள தமிழ் நூற்பட்டியல்கள் பலவும் ஆங்கில அமைவிலேயே இயங்குகின்றன. நூல்களின் அழைப்பெண்களிலோ இடைக்கோடுகள் மலிந்திருக்கும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உரைவடிவில் இறக்கி மீண்டும் ஏற்றினால் சுட்டுகள் புதிதாகக் கட்டப்படும். தரவுக் கோப்புறையை அப்படியே படியெடுத்தாலோ, பழைய விதியில் அடுக்கிய சுட்டைப் புதிய விதிகொண்டு துழாவ நேர்கிறது. அட்டவணையில் உள்ள நூல் தேடலில் அகப்படாது. நூலகர் அதனை மறுபடி பதிவார். இரட்டைப் பதிவைத் தடுக்கவேண்டிய தனித்துவச் சுட்டும் பழைய பதிவைக் காணாது இடமளித்துவிடும்.

ஏம்செக் என்னும் கூறு இத்தகைய சுட்டுகளைக் கண்டறிய உதவும். ரீஇண்டெக்ஸ் கட்டளை அவற்றைச் சீராக்கும். ஆயின் இரட்டைப் பதிவுகள் இருப்பின் தனித்துவச் சுட்டைக் கட்டமுடியாது என மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் 15 முதல், தரவுத்தளத்தின் வரிசைப்பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கை எழுகிறது. சுட்டுகளை மீளக் கட்டாமல் பதிப்பெண்ணை மட்டும் புதுப்பித்தால் எச்சரிக்கை மறையும், பழுது மறையாது. இரட்டைப் பதிவுகளில் எதனை நீக்குவது என்பதையும் கட்டளை முடிவுசெய்ய இயலாது. இரவல் விவரம் ஒரு பதிவிலும் திருத்திய நூற்பெயர் மற்றொன்றிலும் இருக்கக்கூடும்; நூலகர் அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இணைக்கும் வரையில் பழைய வழங்கியை அணைக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.