மிஷின் நின்றாலும் மனசு நிற்பதில்லை!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பூர்த் தெருக்களில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஓவர்லாக் சத்தம் கிடையாது, நிட்டிங் மிஷின் சத்தம் கிடையாது. ஊரே ஓய்ந்து கிடக்கும். ஆனால் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவருக்கு அன்றைக்குத்தான் பெரிய இரைச்சல்!

வயது நாற்பத்தைந்து. பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். "ஆறு நாளும் பரவால்லீங்க. பீஸை எண்ணோணும், ஆளைப் பாக்கோணும், பொழுது ஓடீருதுங்க. ஞாயித்துக்கெழமை சும்மா உக்காந்தாத்தானுங்க, 'நீ என்னத்தைச் சாதிச்சே?'ன்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் கேக்க ஆரம்பிச்சர்றான்" என்றார். ராத்திரி தூக்கமும் இல்லை.

நாடி பார்த்து, தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் பாலில் கொடுத்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. உள்ளே கேட்கிறவன் மட்டும் போகவில்லை.

யார் அவன்?

சும்மா இருந்தால் மூளையும் ஓய்வெடுக்கும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே தின்கிறது, நாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதும்!

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரைக்லி என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001-ல் ஒன்றை எடுத்துச் சொன்னார்கள். ஒரு வேலையில் கவனம் வைத்தால் மூளையில் சில பகுதிகள் அடங்குகின்றன. வேலை முடிந்ததும் அவையே மறுபடி விழித்துக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒன்று, பின்மண்டைப் பக்கம் உள்ளே ஒன்று என இப்படிப் பல பகுதிகள் கைகோத்து ஓடுகின்றன. இந்த வலைப்பின்னலுக்கு 'டீஃபால்ட் மோடு நெட்வொர்க்' என்று பெயர். 'சும்மா இருக்கும்போது ஓடும் வலை' என்று நாம் வைத்துக்கொள்வோமே!

சும்மா இருக்கும்போது அது என்னதான் செய்கிறது? பழசை நினைக்கிறது, நாளையைத் திட்டமிடுகிறது, முக்கியமாக 'நான்' பற்றி யோசிக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், குணங்களைச் சொல்லும் வார்த்தைகளைக் காட்டி, "இது உனக்குப் பொருந்துமா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்தவரைப் பற்றிக் கேட்டபோது இல்லாத அளவுக்கு, தன்னைப் பற்றிக் கேட்டபோது அந்த நெற்றி நடுப்பகுதி வேலை செய்தது.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். 2007-ல் வெளியான பீஜிங் ஆய்வில், சீனர்களுக்குத் தன்னை நினைத்தாலும் அம்மாவை நினைத்தாலும் அதே இடம் வேலை செய்தது. மேற்கத்தியர்களுக்குத் தன்னை நினைத்தால் மட்டும்தான்! 'நான்' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது வளர்ந்த விதத்தையும் பொறுத்தது போலிருக்கிறது.

எப்போது நோயாகிறது?

இந்த வலை கெட்டதில்லை. பெண்ணின் கல்யாணத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கும் இதுதான் உதவுகிறது. வேலை வந்ததும் அது அடங்க வேண்டும், அவ்வளவுதான். மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் அடங்க வேண்டிய நேரத்திலும் அது சரியாக அடங்கவில்லை என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. அரைத்த மாவையே அரைப்பது என்கிறோமே, அதுதான்!

சித்தர்கள் அன்றைக்கே இதை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்று நான் கதை விடமாட்டேன். ஆனால் மூச்சைக் கவனி என்று அவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நெடுநாள் தியானம் பழகியவர்களுக்கு இந்த வலை அடங்கியிருப்பதை 2011-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வில் கண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

காலையில் பத்து நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். மனசு ஓடினால் திட்டாதீர்கள். மெள்ளத் திருப்பிக் கொண்டு வாருங்கள். சும்மா உட்கார்ந்து குமைவதைவிட கீரை ஆய்வது, பூக்கட்டுவது, நடப்பது நல்லது.

ஆனால் இரண்டு வாரமாகத் தினமும் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை என்றால் சூரணத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் மாத்திரையை, லேகியம் சாப்பிடுகிறோம் என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அந்த ஜாப் ஒர்க்காரரிடம் அடுத்த முறை நேராகவே கேட்டேன்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆமாங்க" என்றார். அன்றைக்கே அவர் மனைவியையும் வரவழைத்து, இரண்டு பேரையும் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போது தேறி வருகிறார். "அவன் இன்னும் பேசறானுங்க. முன்ன மாதிரி நான் நம்பறதில்லீங்க" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் லீவு நாளில் ஒருவர் ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வராது. 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.