மூன்றாம் ஆண்டில் தொலைவது

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில், மாணவர்களின் பரிவை ஆண்டுதோறும் கேள்வித்தாள் கொடுத்து அளந்து பார்த்தார்கள். ஹோஜத் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முடிவு சங்கடமானது. முதல் இரண்டு ஆண்டுகள் பெரிதாக மாறாத பரிவு மூன்றாம் ஆண்டில் சரிந்தது. அதுவும் புத்தகத்தை விட்டு நோயாளியின் கட்டிலருகே போய் நின்ற பிறகு! மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன மதிப்பீடுதான் இது. என்றாலும், பரிவு பிறவிக்குணம், அதைப் பாடமாக நடத்த முடியாது என்று வாதிடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிறவிக்குணம் வார்டுக்குள் நுழைந்ததும் ஏன் தேய்கிறது? சூழலால் தேய்வதைச் சூழலால் காக்கவும் முடியும்.

இந்தியாவில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனப்பாங்கு, அறம், உரையாடல் மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ என்ற பாடம் இருக்கிறது. அறுத்துப் படிக்கும் உடலை முதல் ஆசிரியராக மதிக்கச் சொல்கிறது. நோயாளியிடம் ஒப்புதல் கேட்கப் பழக்குகிறது. நல்லதுதான். ஆனால் ரவுண்ட்ஸில் சீனியர் ஒருவர் நோயாளியை ‘அந்த ஏழாம் பெட் லிவர்’ என்று சொன்னால் போதும், மாணவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆகவே அறமும், நோயாளியை மனிதராகப் பார்க்கப் பழக்கும் இலக்கியமும் வார்டுக்குள்ளேயே வந்தாக வேண்டும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா ஷாரோன் மருத்துவர், ஆங்கில இலக்கியத்தில் முனைவரும்கூட. கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லாதவற்றை, மாணவர்களைத் தாங்கள் பார்க்கும் நோயாளியைப் பற்றிச் சாதாரண மொழியில் தனியே எழுதிவந்து சக மாணவர்கள் முன் வாசிக்கச் செய்தார். கட்டடமோ கருவியோ கேட்காத பாடம்.

நோய் தீர்ந்தால் போதாதா, டாக்டர் எப்படிப் பேசினால் என்ன என்று கேட்கலாம். அதே ஹோஜத் குழு 2011-இல், 29 மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 891 நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்தது. பரிவு மிகுந்த மருத்துவர்களிடம் 56 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நன்கு கட்டுக்குள் இருந்தது. பரிவு குறைந்தவர்களிடம் 40 சதவீதம். பரிவுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பொருட்படுத்தாமல் விடவும் முடியாது. இதைவிட வலுவான மறுப்பு, நேரம். ஓ.பி. வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது சாக்குப்போக்கு அல்ல என்பது தெரியும். ஆனால் நோயாளியைப் பேசவிட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்? அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் 74 சந்திப்புகளைக் கவனித்தபோது, சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், குறுக்கிடாமல் கேட்கப் பழகிய மருத்துவர்களிடம் 335 பேரைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. சராசரி 92 நொடி. ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அவர்கள் சொன்னதும் தேவையான தகவல்தான் என்றார்கள் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர்கள்.